பேரை அடிச்சிடாதீங்க டீச்சர்

2019இல் தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியர் பதவி உயர்வுக் கலந்தாய்வில் என் பெயரைக் கூப்பிட்டபோது காலிப் பணியிடப் பட்டியலில் மிச்சம் இருந்தவை மூன்று பள்ளிகள். அதில் ஒன்று நான் பதினைந்து வருஷமாக இடைநிலை ஆசிரியையாக வேலை பார்த்துக்கொண்டிருந்த அதே பள்ளி. எனக்கு முன்னால் இருந்த பதினோரு பேரும் அதைத் தொடாமல் போயிருந்தார்கள். இரண்டு பஸ் மாறி, கடைசி மூன்று கிலோமீட்டரை ஷேர் ஆட்டோவிலோ பால்காரர் வண்டியிலோ கடக்க வேண்டிய ஊர், மொத்தம் 42 பிள்ளைகள், அதில் முப்பது பேர் ஏரிக்கரை இருளர் பழங்குடிக் குடியிருப்பிலிருந்து வருகிறவர்கள். நான் அதையே எடுத்தேன். "சேவை மனப்பான்மை மேடம் உங்களுக்கு" என்றார் பக்கத்தில் இருந்தவர். அதெல்லாம் ஒன்றும் இல்லை, மற்ற இரண்டும் என் வீட்டிலிருந்து இன்னும் தூரம்.

போன மாதம் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண் ஒருத்தி போனில் கேட்டாள், ஹெச்.எம். ஆகிறதுக்கு எப்படிக்கா தயார் பண்ணிக்கிட்டீங்க என்று. அப்போது ஏதோ சொல்லி வைத்துவிட்டேன். சொன்னது சரியில்லை என்று ராத்திரி முழுக்க உறுத்தல். அதனால் இது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், நம் ஊரில் தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியரை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. ஜனவரி 1 நிலவரப்படி ஒரு முன்னுரிமைப் பட்டியல் போடுவார்கள், அதில் நம் எண் வரும்வரை காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அன்றைக்கு ஒன்றிய அளவில் பட்டியல் இருந்தது. 2023 டிசம்பரில் வந்த அரசாணை 243 அதை மாநில அளவுக்கு மாற்றியது, அதை எதிர்த்துச் சங்கங்கள் தெருவில் இறங்கின, அது தனிக் கதை. பதவி உயர்வில் சம்பளம் கூடுவது ஏறக்குறைய ஒரு இன்கிரிமெண்ட் அளவு. கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள், அந்த இரண்டில் ஒருவர்தான் தலைமையாசிரியர். அப்படியென்றால் ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புகளை ஒரே அறையில் வைத்துப் பாடம் நடத்திக்கொண்டே, நடுவில் எழுந்து போய் முட்டைக் கணக்கில் கையெழுத்துப் போட வேண்டும். தலைமையாசிரியர் பதவி அங்கே மூன்று வகுப்புகளோடு இனாமாக வரும் ஒரு பீரோ சாவி.

நான் சேர்ந்தது 2004இல், தொகுப்பூதியத்தில், மாதம் 3,000 ரூபாய். அந்தக் காலத்தில் சேர்ந்தவர்களுக்கு அந்த எண் மறக்காது. 2006 ஜூன் 1 முதல்தான் எங்களைக் காலமுறை ஊதியத்துக்குக் கொண்டுவந்தார்கள். பஸ்ஸுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் போக வீட்டுக்குக் கொடுக்க ஒன்றும் மிஞ்சாது, ஆனாலும் அரசு வேலை என்று அம்மா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

அப்போது இருந்த தலைமையாசிரியரைப் பிள்ளைகள் "பெரிய சார்" என்பார்கள். பாடம் நடத்துவதில் அவர் அப்படி ஒன்றும் கெட்டிக்காரர் இல்லை. வாய்ப்பாட்டைக் கோரஸாகச் சொல்ல வைத்துவிட்டு ஜன்னல் வழியாக ஏரியைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஆனால் சேர்க்கைப் பதிவேட்டை எடுத்தால் ஆளே மாறிவிடுவார். அந்தப் பெரிய ரிஜிஸ்டரை மேஜையில் விரித்து, ஓரம் மடங்கியிருந்தால் உள்ளங்கையால் நீவிவிட்டு, நீல மசி நிரப்பிய ஹீரோ பேனாவால் ஒவ்வொரு எழுத்தாக இறக்குவார். வரிசை எண், பிள்ளை பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி, இனம், சேர்ந்த நாள். ஒரு வரிக்குக் கால் மணி நேரம். இதை எழுதுவதற்கு ஜூன் மாதம் அவரே குடியிருப்புக்குப் போவார். பிறப்புச் சான்றிதழ் அங்கே யாருக்கும் கிடையாது. "எந்த மழைக்கும்மா பொறந்தான்? அந்தப் பெரிய புயலுக்கு முன்னாடியா, பின்னாடியா? அப்ப ஏரியில தண்ணி இருந்துச்சா?" என்று கேட்டுக் கேட்டு ஒரு தேதிக்கு வந்து சேர்வார். பக்கத்துப் பள்ளிகளில் இந்தச் சிரமம் இல்லை, கண்ணை மூடிக்கொண்டு எல்லோருக்கும் ஜூன் முதல் வாரத்தில் ஒரு தேதி போட்டுவிடுவார்கள். நானும் இன்னொரு ஆசிரியையும் அவரைப் பார்த்துச் சிரிப்போம். பிள்ளைக்கு எழுத்து தெரியவில்லை, இவர் ரிஜிஸ்டருக்குப் பூ வரைகிறார் என்று நானே சொல்லியிருக்கிறேன்.

2017இல் அவர் ஓய்வு பெற்றார். பணியிடம் காலி, நான் பொறுப்புத் தலைமையாசிரியர். நான் செய்த தப்பு இந்தக் காலத்தில்தான் நடந்தது.

பொங்கல் முடிந்ததும் எங்கள் பள்ளியில் பாதி பெஞ்சு காலியாகும். வட மாவட்டங்களில் இருளர் குடியிருப்பு இருக்கும் எந்த ஊரிலும் இதுதான் நிலைமை. தை பிறந்ததும் மேஸ்திரி வருவார், புருஷன் பெண்டாட்டி ஜோடிக்கு இவ்வளவு என்று முன்பணம் கொடுப்பார், லாரியில் பாத்திரம் பண்டத்தோடு ஏற்றிக்கொண்டு செங்கல் சூளைக்குப் போய்விடுவார். செங்குன்றம் பக்கமோ, செங்கல்பட்டு பக்கமோ, சில சமயம் எங்கே என்றே தெரியாது. மழை பிடிக்கும்வரை அங்கேதான். பெரியவர்கள் விடியற்காலம் இரண்டு மணிக்கு எழுந்து கல் அறுப்பார்கள், பிள்ளைகள் காய்கிற கல்லைத் திருப்பிப் போடும். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கணக்கு, அதில் முன்பணம் கழியும், கழியாமலும் போகும். 1976லேயே கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்துவிட்டது என்பதை நான் சமூக அறிவியலில் நடத்தியிருக்கிறேன். நடத்திவிட்டு, வராத பிள்ளையின் பெயருக்கு நேரே ஒரு கோடு போட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறேன்.

2018 ஜனவரியில் ஒன்பது பேர் போனார்கள். அந்த வருஷம்தான் எமிஸ் என்கிற பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் தகவல் இணையதளத்தில் எல்லாவற்றையும் ஏற்ற வேண்டும் என்று நெருக்கிக்கொண்டிருந்தார்கள். பார்வைக்கு அதிகாரி வரப்போகிறார், வருகை சதவீதமோ கிடுகிடுவென்று இறங்கிக்கொண்டிருக்கிறது. வேறு பள்ளித் தோழி ஒருத்தி போனில் வழி சொன்னாள், "காமன் பூலில் தள்ளிவிடு, போற இடத்தில் இருக்கிற பள்ளிக்கூடத்தில் இழுத்துக்குவாங்க." பள்ளி விட்டுப் போகிற பிள்ளையின் பதிவை ஒரு பொதுக் குளத்தில் போட்டுவைத்து, சேர்க்கிற பள்ளி அதை எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு அது. ஏற்பாடு நல்லதுதான். செங்கல் சூளையிலிருந்து பள்ளிக்கூடத்துக்குப் போகிற பாதை என்று ஒன்று இருந்தால்! ஒன்பது தடவை பட்டனைத் தட்டினேன். என் பள்ளியின் சதவீதம் தொண்ணூறைத் தாண்டியது. அதிகாரி வந்தார், "குட்" என்று எழுதிவிட்டுப் போனார். இதை எழுதும்போது எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

ஜூனில் ஏழு பேர் திரும்பி வந்தார்கள், அவர்களைக் குளத்திலிருந்து எடுத்துவிட்டேன். ஒருவனைச் சூளைக்குப் பக்கத்துப் பள்ளியில் உண்மையிலேயே சேர்த்திருந்தார்கள். ஒன்பதாவது ஒரு பெண் பிள்ளை, மூன்றாம் வகுப்பு. வரவில்லை. கடன் கழியவில்லை என்று அந்தக் குடும்பத்தை வேறு சூளைக்கு மாற்றிவிட்டார்கள். ஒன்றரை வருஷம் கழித்து, நான் முறையாகத் தலைமையாசிரியர் ஆன பிறகு, ஒரு நாள் காலையில் வாசலில் வந்து நின்றாள். கையில் ஒரு பிளாஸ்டிக் பை, அதில் நான் எப்போதோ கொடுத்த சிலேட்டு, சட்டம் போய்விட்ட சிலேட்டு. என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை, அழவும் இல்லை. அவள் பாட்டி சொன்னாள், "பேர எடுத்துட்டீங்கன்னு சொன்னாங்க டீச்சர், மறுபடியும் எழுதுவீங்களா?"

கணினியில் தேடினேன். பெயர் ஆங்கிலத்தில் எந்த எழுத்துக்கூட்டலில் ஏற்றப்பட்டிருந்தது என்று எனக்கே தெரியவில்லை. கிடைக்கவில்லை. அவசரத்தில் புது எண் போட்டுச் சேர்த்தேன், அது இன்னொரு தப்பு. ஆதாரில் ஒரு தேதி, புதுப் பதிவில் ஒரு தேதி, பழைய எண் எங்கோ குளத்தில் மிதக்கிறது. மூன்றாம் வகுப்பிலிருந்து ஐந்து வரை பழங்குடிப் பெண் பிள்ளைகளுக்கு அப்போது வருஷத்துக்கு 500 ரூபாய் ஊக்கத்தொகை இருந்தது, அது அவளுக்கு வரவில்லை. ஐந்நூறு ரூபாய்தானே என்று நமக்குத் தோன்றும். அந்த வீட்டில் அது ஒரு வாரம்.

வேறு வழி தெரியாமல் பெரிய சாருக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் கேட்டார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி.

"ஏம்மா, ரிஜிஸ்டர்ல பேரை அடிச்சியா?"

"இல்ல சார். கம்ப்யூட்டர்ல மட்டும்தான்."

"அப்பப் பொண்ணு நம்ம பள்ளிக்கூடத்துலதான் இருக்கு. எடுத்துப் பாரு."

பீரோவைத் திறந்து பார்த்தேன். அவர் கையெழுத்தில் இருந்தது. வரிசை எண், பிறந்த தேதி, தகப்பன் பெயர், இனம்: இருளர். அந்த ஒரு வரியை ஜெராக்ஸ் எடுத்து, மேலொப்பம் போட்டு, முத்திரை குத்தி வட்டார வள மையத்துக்கு மூன்று முறை நடந்தேன். பழைய எண்ணைக் கண்டுபிடித்தார்கள், இரண்டையும் ஒன்றாக்கினார்கள். இதற்கு ஐந்து மாதம் ஆனது. சிரித்தோமே அந்தக் கால் மணி நேரம், அது இதற்காகத்தான் என்று எனக்கு விளங்க பதினைந்து வருஷம் ஆகியிருக்கிறது.

அப்புறம்தான் நான் அந்த ரிஜிஸ்டரை உட்கார்ந்து படித்தேன், நாவல் படிப்பதுபோல, முதல் பக்கத்திலிருந்து. படித்ததும்தான் சாதிச் சான்றிதழ் பிரச்சினையின் வேர் எங்கே இருக்கிறது என்று பிடிபட்டது. பழங்குடிச் சான்றிதழைத் தாசில்தார் கொடுக்க முடியாது, கோட்டாட்சியரோ சார் ஆட்சியரோதான் கொடுக்க வேண்டும். போலிகளைத் தடுக்க வந்த கட்டுப்பாடு, காரணம் நியாயமானதுதான். ஆனால் உண்மையான ஆளிடம் கேட்கிற முதல் கேள்வியே "அப்பாவுக்குச் சான்றிதழ் இருக்கா?" என்பதாக இருந்தால், பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத அப்பா என்ன செய்வார்? 30 பேரில் சான்றிதழ் இருந்தது நான்கு பேருக்கு. இதில்லாமல் ஐந்தாம் வகுப்பு தாண்டலாம், பத்து கூடத் தாண்டலாம். அதற்கு மேல் விடுதி, உதவித்தொகை, இட ஒதுக்கீடு எதுவும் அசையாது.

ஒரு நாள் தற்செயல் விடுப்பு போட்டு ஒரு தகப்பனையும் பையனையும் கூட்டிக்கொண்டு அலுவலகம் போனேன். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். அங்கே ஒருவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கேட்டார், "இருளர்னா பாம்பு பிடிக்கத் தெரியுமா?"

"எங்கப்பாரு பிடிப்பாரு சார். நான் கல்லு அறுக்கிறேன்."

அது அவருக்குப் பதிலாகத் தெரியவில்லை. பாம்புத் தோல் வியாபாரம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு படுத்துவிட்டது. 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வடநெம்மேலியில் விஷம் எடுக்கிறது, அந்தத் தொழிலில் இருப்பவர்கள் கொஞ்சம் பேர். மிச்சம் எல்லோரும் வயல் எலி, ஏரி மீன், சவுக்கு வெட்டு, சூளை. ஒரு அரிசி ஆலையில் பிறந்து வளர்ந்தவனைப் பாம்பு பிடித்துக் காட்டு என்றால்? இதை அங்கே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை, மனுவில் கையெழுத்து வேண்டுமே என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். நாலு மாதம் கழித்து "போதிய ஆவணம் இல்லை" என்று திரும்பி வந்தது.

பழைய ரிஜிஸ்டர்கள் மூன்று பீரோவுக்கு அடியில் கிடந்தன, கரையான் அரித்தது போக. அவற்றை வைத்துக்கொண்டு மாதக் காலண்டர் தாள்களின் பின்பக்கம் குடும்ப மரம் வரைய ஆரம்பித்தேன். யாருடைய தாத்தா எந்த வருஷம் இரண்டாம் வகுப்பு வரை படித்தார், யாருடைய சித்தப்பா அடுத்த ஒன்றியத்தில் சான்றிதழ் வாங்கியிருக்கிறார், எந்த அத்தையை எங்கே கட்டிக்கொடுத்தார்கள். ரத்த உறவில் ஒருவருக்கு இருந்தால் மற்றவர்களுக்கு வழி திறக்கும், ஆக முதல் ஆளைத் தேடுவதுதான் வேலை. 1970களில் யாரோ ஒரு தலைமையாசிரியர் இனம் என்ற கட்டத்தில் 'வில்லி' என்று ஊரார் கூப்பிடும் பெயரை எழுதிவைத்திருந்தார், சில இடத்தில் வெறும் கோடு. அந்தக் கோட்டைப் போட்டவருக்கு அன்றைக்கு அரை நொடி மிச்சமாகியிருக்கும். அதன் விலையைப் பேரன் கொடுக்கிறான். எந்தப் படிவம், எந்த ஆணையைச் சுட்ட வேண்டும், கள விசாரணைக்கு எப்படி எழுதிக் கேட்க வேண்டும் என்பதெல்லாம் எனக்குப் பயிற்சியில் யாரும் சொல்லித்தரவில்லை. திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா. கல்விமணி 1990களில் தொடங்கிய பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் மாதிரியான அமைப்புகள் பல வருஷமாக மனுப் போட்டுப் போட்டு உண்டாக்கிய பாதை அது, நான் அதில் பின்னால் நடந்தவள். நான்காக இருந்தது இன்றைக்கு இருபத்தாறு.

பயிற்சி என்றதும் ஞாபகம் வருகிறது. தலைமைத்துவப் பயிற்சிக்கு நானும் போயிருக்கிறேன். மத்திய அரசின் 'நிஷ்தா' ஆசிரியர் பயிற்சி வந்தது, அப்புறம் வேறு ஒன்று வந்தது. பள்ளியின் தொலைநோக்கை ஒரு சார்ட்டில் வரையச் சொன்னார்கள். நான் மரம் வரைந்தேன், எல்லோரும் மரம்தான் வரைந்தார்கள். மதியச் சாப்பாடு நன்றாக இருந்தது. கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கோட்டாட்சியருக்குக் கடிதம் எழுதுவது எப்படி என்று ஒரு மணி நேரம் யாராவது நடத்தியிருந்தால் நான் மூன்று வருஷம் சேமித்திருப்பேன்.

கொரோனா காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை. 2020 மார்ச்சில் பூட்டி 2021 நவம்பர் 1 அன்று திறந்தபோது நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 'அ' மறந்திருந்தது. கல்வித் தொலைக்காட்சி ஓடியது, குடியிருப்பில் மின்சாரம் இருந்த வீடு மூன்று.

2022இல் பள்ளி மேலாண்மைக் குழுவைத் திரும்ப அமைத்தார்கள். 20 பேர், அதில் 15 பேர் பெற்றோர். ஊர்ப் பக்கத்திலிருந்துதான் தலைவர் வருவார் என்று எல்லோரும், சத்தியமாக நானும், எண்ணிக்கொண்டிருந்தோம். தலை எண்ணிக்கையில் குடியிருப்பு அதிகம் என்பதை நாங்கள் மறந்துவிட்டோம், அந்தப் பெண்கள் மறக்கவில்லை. தலைவராக வந்த அம்மா முதல் கூட்டத்தில் கடைசிவரை உட்காரவே இல்லை. "இடுப்பு வலி டீச்சர், நின்னாத்தான் சொகம்" என்றாள். ஊர்க்காரர்கள் இரண்டு பேர் அன்றைக்கே எழுந்து போனார்கள், ஒருவர் மறுவருஷம் தன் மகனை வேன் வருகிற தனியார் பள்ளியில் சேர்த்தார். எனக்கு ஒரு பிள்ளை குறைந்தது. அதற்கு நான் என்ன செய்திருக்க முடியும் என்று இன்னும் தெரியவில்லை.

ஆனால் அந்த அம்மா கேட்ட முதல் கேள்வி, நான் பதினெட்டு வருஷத்தில் கேட்காதது. "சூளைக்குப் போறப்ப புள்ளைங்கள விட்டுட்டுப் போறோம்னே வெச்சுக்குங்க. ராவுல யாரு பாக்குறது, யாரு சோறு போடுறது?" பிள்ளையை ஏன் கூட்டிக்கொண்டு போகிறீர்கள் என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேனே ஒழிய, விட்டுப்போனால் சோற்றுக்கு வழி என்ன என்று யோசித்ததே இல்லை. மூன்று வேளைச் சாப்பாடு. மதியம் சத்துணவு உண்டு. 2023 ஆகஸ்ட் 25 முதல் காலை உணவுத் திட்டம் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது, எங்களுக்கும் வந்தது. திங்கட்கிழமை உப்புமா, மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள் ஏழு மணிக்கே அடுப்பு மூட்டிவிடுவார்கள். இப்போது மிச்சம் ராத்திரிச் சாப்பாடும் சனி ஞாயிறும்தான். அதைத் தலைவரம்மாவே முடித்தாள். குடியிருப்பில் சூளைக்குப் போக முடியாத மூன்று கிழவிகள், ஒவ்வொருவர் வீட்டிலும் நான்கைந்து பிள்ளைகள், பெற்றவர்கள் ரேஷன் அரிசியையும் கொஞ்சம் பணத்தையும் கொடுத்துவிட்டுப் போவது என்று. 2024இல் ஒன்பது பேர் போக வேண்டிய இடத்தில் மூன்று பேர் போனார்கள். மாசி மகத்துக்கு இருளர்கள் எல்லோரும் மாமல்லபுரம் கடற்கரையில் கூடுவார்கள் இல்லையா, அங்கே சூளையிலிருந்து வந்த அப்பா அம்மாவைப் பார்த்துவிட்டு, திங்கட்கிழமை உப்புமாவுக்குப் பிள்ளைகள் திரும்பி வந்துவிட்டார்கள். அந்தத் திங்கட்கிழமை வருகைப் பதிவேட்டை நான் இரண்டு முறை கூப்பிட்டேன், சும்மா கேட்பதற்கு.

இதற்கு நடுவில் 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. ஓய்வுக்கு ஐந்து வருஷத்துக்கு மேல் இருக்கிற ஆசிரியர்கள் எல்லோரும் இரண்டு வருஷத்துக்குள் டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வில் தேற வேண்டும். 2011ஐ ஒட்டி வந்த தேர்வு, அதற்கு முன்னால் சேர்ந்தவர்கள் தேவையில்லை என்றுதான் இவ்வளவு நாள் இருந்தோம். இப்போது என் பையில் குழந்தை மேம்பாடு கைடு ஒன்று இருக்கிறது. 21 வருஷ சர்வீஸ், ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்து, குழந்தைகளின் அறிவு வளர்ச்சி பற்றி உளவியலாளர் பியாஜே சொன்ன நிலைகளை மனப்பாடம் செய்துகொண்டு போகிறேன். கோபம் இருந்தது, இப்போது கொஞ்சம் ஆறிவிட்டது. ஒன்றிரண்டு விஷயம் படிக்க நன்றாகவே இருக்கிறது.

அந்தப் பெண்ணுக்கு நான் சொல்ல நினைத்தது இதுதான் என்று முடிக்கப் பார்க்கிறேன், வரவில்லை. நேற்று நடந்ததைச் சொல்கிறேன். பொங்கல் விடுமுறைக்கு முந்தின வாரம் குடியிருப்புக்குப் போவது இப்போது என் வழக்கம். ஒரு காலண்டர் தாள், அதில் நான்கு கட்டம்: யார் போகிறார்கள், எந்த ஊர்ச் சூளை, முதலாளியின் போன் நம்பர், பக்கத்தில் எந்தப் பள்ளி. பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்கள் இன்னும் இரண்டு மூன்று வீடு இருக்கிறார்கள், கிழவிகளுக்கும் வயதாகிறது. நேற்று ஒரு வீட்டில் கட்டம் நிரம்பவில்லை. போன வருஷம்தான் கல்யாணமாகி வந்த பையன், அவன் தம்பி என்னிடம் நாலாம் வகுப்பு. எந்த ஊர் என்று கேட்டால் சிரிக்கிறான், மேஸ்திரி ராத்திரிதான் சொல்வாராம். முன்பணம் எவ்வளவு வாங்கினான் என்பதையும் சொல்லவில்லை. தம்பியை விட்டுவிட்டுப் போ என்றேன். "பொண்டாட்டி முழுகாம இருக்கா டீச்சர், கல்லு திருப்ப ஆளு வேணும்" என்றான். பக்கத்தில் தலைவரம்மா நின்றுகொண்டிருந்தாள், ஒன்றும் பேசவில்லை. கிளம்பும்போது அவன் பின்னாலேயே வந்து, "பேரை மட்டும் அடிச்சிடாதீங்க டீச்சர்" என்றான். ஊர்க் கட்டத்தைக் காலியாக விட்டு, அவன் நம்பரை மட்டும் எழுதிக்கொண்டேன். அந்த நம்பர் இன்று காலையிலிருந்து ஸ்விட்ச் ஆஃப்.